மொட்டை மாடிய சரி பண்ணிட்டு அப்புறம் ஏசி வாங்குங்க

நாங்க இருக்கிறது சென்னை மேற்கு மாம்பலத்துல ஒரு பழைய அபார்ட்மெண்ட். மொத்தம் எட்டு வீடு, எங்களது மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி தான். டிசம்பர் மாசம் வீடு பாக்க வந்தப்ப நல்ல காத்து, நல்ல வெளிச்சம், பால்கனில நின்னா தென்னை மரம் தெரியுது, அப்பவே பேசி முடிச்சிட்டோம். கத்திரி வந்தப்புறம் தான் கடைசி மாடின்னா என்னன்னு புரிஞ்சுது. பகல் கூட பரவால்ல, எல்லாரும் வெளிய போயிடுவோம், ராத்திரி பத்தரைக்கு லைட்ட அணைச்சிட்டு படுத்தா ஃபேன்ல இருந்து வர்றது காத்தே இல்ல, அனல். பால்கனிக்கு வந்தா கடல்காத்து இதமா வீசுது, ஒரு அடி உள்ள வச்சா அடுப்பங்கரைல நிக்கிற மாதிரி இருக்கு. பொண்ணுக்கு அப்ப நாலு வயசு, கழுத்து முதுகு பூரா வேர்க்குரு, ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்து அழும், ஈரத்துண்ட வச்சு ஒத்தி ஒத்தியே அந்த ரெண்டு மாசமும் போச்சு.

ஒரு நாள் ராத்திரி கட்டில் மேல ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்ல உள்ளங்கைய வச்சுப் பார்த்தேன். இப்ப தான் இஸ்திரி போட்டு மடிச்சு வச்ச சட்டை எப்படி இருக்கும், அந்த சூடு. மணி பதினொண்ணு. சூரியன் அஸ்தமிச்சு நாலரை மணி நேரம் ஆச்சு, இன்னும் அந்த தளம் சூடாவே இருக்கு.

எல்லாரும் சொன்ன ஒரே பதில் ஏசி போடு. போட்டோம், ஒன்றரை டன். அந்த ஒரு ரூம் மட்டும் தூங்குற மாதிரி ஆச்சு, கரெண்ட் பில் எகிறுச்சு, அவுட்டோர் யூனிட் அனல் காத்த பக்கத்து வீட்டு சமையல்கட்டு ஜன்னல் மேல ஊதிக்கிட்டே இருந்துது, அந்த வீட்டு அக்கா ஒண்ணும் சொல்லல, ஜன்னல சாத்தி வச்சுக்கிட்டாங்க. அத பாக்குறப்ப எல்லாம் மனசு உறுத்தும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னாடி பாத்ரூம் மேல ஒழுகுதுன்னு ஒரு மேஸ்திரிய கூட்டிட்டு வந்தோம், திருவண்ணாமலை பக்கத்து ஆளு, அறுபது வயசு இருக்கும். மாடிய சுத்தி வந்தவரு ஒழுகல பத்தி பேசறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டாரு. "மேல் வூட்ல யாரு சார் இருக்கீங்க, ராத்திரில தூக்கம் வருதா?" நான் தான் சார்னு சொன்னேன். "இந்த ஸ்லாப்பு நாலரை இன்ச்சு தான் சார், மேல போட்டது பூரா வெறும் சிமெண்ட்டு, காலைல இருந்து வெயில குடிச்சிகினே இருக்குது, சாயந்தரம் வெயில் போனாலும் அது வுடாது, ராத்திரி பூரா உங்க தலை மேல தான் இறக்கும். நீங்க ஏசிய எவ்ளோ பெருசா போட்டாலும் அது இந்த ஸ்லாப்பு கூட சண்ட போட்டுகினே தான் இருக்கும்"ன்னாரு. அது தான் விஷயமே. பசுமைக் கட்டடம், சஸ்டெய்னபிள், நெட் ஜீரோன்னு நான் எவ்வளவோ படிச்சிருக்கேன், ஆனா அது என் வீட்ல எங்க ஆரம்பிக்குதுன்னு இவரு தான் கைய நீட்டி காமிச்சாரு.

அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பார்த்தா எல்லாம் பொருந்துது. சென்னை இருக்கிறது 13 டிகிரி அட்சரேகைல. வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் நடுவுலயும், நண்பகல்ல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வருது, நட்டு வச்ச கம்புக்கு நிழலே விழாது. அதுக்கு நடுவுல இருக்கிற மாசமெல்லாமும் கிட்டத்தட்ட நேர் உச்சி தான். அப்ப வெயில அதிகமா வாங்கறது தளம், அடுத்தது மேற்கு சுவர். குளிர் நாட்டுல சூரியன் சாஞ்சு வரும், அவங்களுக்கு வெயில் உள்ள வந்தா தான் நல்லது, அதனால கண்ணாடி வைக்கிறாங்க. நமக்கு நேர் எதிர். இங்க நல்ல கட்டடம்னா முதல்ல வெயில வெளிய நிறுத்தணும், அதுவும் தலைக்கு மேல.

இது நம்ம ஊர்ல பழைய ஆளுங்களுக்கு தெரியாதது இல்ல. எங்க பாட்டி இருந்த திருவல்லிக்கேணி வீடு மெட்ராஸ் டெரஸ் தான். தேக்குக் கட்டைய வரிசையா போட்டு, அது மேல சின்னச் சின்ன மெல்லிசு செங்கல நிக்க வச்சு கோணலா சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லம் ஊறப்போட்ட தண்ணிய தெளிச்சு தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா தட்டுவாங்க, அதுக்கு மேல தட்டோடு, அதாவது தட்டையான ஓடு பதிப்பாங்க. அவ்வளவு கனமான தளம், உள்ள பூரா செங்கலும் சுண்ணாம்பும் காத்துப் புரையும், வெயில் கீழ இறங்கறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடும். மே மாசம் மதியானம் அந்த கூடத்துல சிமெண்ட் தரைல வெறும் உடம்போட படுத்துத் தூங்கினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, தலைக்கு மேல ஒரே ஒரு ஃபேன், அதுவும் கடகடன்னு சத்தம் போடும். அந்த வீடு இப்ப இல்ல. கான்கிரீட் வந்தப்புறமும் ரொம்ப வருஷம் ஸ்லாபுக்கு மேல மூணு இன்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதிக்கிற வழக்கம் இருந்துது, வெதரிங் கோர்ஸ்னு சொல்றது அத தான். அப்புறம் தட்டறதுக்கு ஆள் இல்ல, நாள் ஆகுதுன்னு அந்த இடத்துல சிமெண்ட் கலவைய ஒரு இன்ச் பூசி முடிச்சிடுறாங்க. எங்க பில்டிங்ல கட்டினவங்க பண்ணது அது தான். ஒரு வாரம் மிச்சம் பண்ணாங்க, மேல் வீட்டுக்காரங்க இருபது வருஷம் வெந்தாங்க.

அசோசியேஷன் மீட்டிங்ல இத சொன்னப்ப கீழ் வீட்டு சார் ஒருத்தர், சூடு உங்களுக்கு, காசு மட்டும் எங்களுக்காம்னு கேட்டாரு. கேக்கறதுல நியாயம் இருக்கு. கடைசில மேல் மாடி ரெண்டு வீடும் பாதி செலவ ஏத்துக்கிறோம், மீதி பாதிய ஆறு வீடு பிரிச்சுக்கலாம், ஏன்னா ஒழுகல் தளத்தோட நிக்காது, கம்பி துருப்பிடிச்சா மொத்த பில்டிங்குக்கும் தான் ஆயுசு கம்மி, அதோட மாடில விழுற மழைத் தண்ணிய பில்டிங் கெணத்துக்கு கொண்டு வந்தா அது எல்லாருக்கும்னு பேசி முடிச்சோம். எங்க பங்குக்கு வந்தது இன்னொரு ஏசி வாங்குற காசு மாதிரி தான் ஆச்சு.

வேலை பன்னெண்டு நாள். பழைய சிமெண்ட்ட உடைச்சு எடுத்து, விரிசல அடைச்சு, வாட்டர் ப்ரூஃப் பூசி, சுத்தி வரப்பு கட்டி மூணு நாள் தண்ணி தேக்கி வச்சு கீழ எங்கயும் கசியலன்னு பாத்துட்டு, அப்புறம் செங்கல் ஜல்லியும் நீத்த சுண்ணாம்பும். மேல வெள்ளை கூலிங் டைல்ஸ். கடைசி நாள் மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணிய படிக்கட்டு ரூம் வாசல்ல மெதுவா சாச்சு ஊத்திட்டு பீடியக்கூட பத்த வைக்காம நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. தண்ணி வாட்டத்துல நேரா போச்சு, பைப் வாயிக்கு ரெண்டு அடி முன்னாடி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேங்கி நின்னுது. யாரும் ஒண்ணும் சொல்லல, நானும் இதெல்லாம் பரவால்ல மேஸ்திரின்னு தான் சொன்னேன். அவரு கேக்கல, மூணு டைல்ஸ பேத்து எடுத்து கீழ கலவைய சீவிட்டு திரும்ப வச்சு, மறுபடி ஒரு பக்கெட் ஊத்தி, அது தேங்காம போனப்புறம் தான் கைய கழுவினாரு. தேங்கி நிக்கிற அந்த உள்ளங்கைத் தண்ணில தான் பாசி பிடிச்சு வெள்ளை கருப்பாகும், டைல்ஸ் இடுக்குல இறங்கும், அஞ்சு வருஷத்துல திரும்ப ஒழுகும். இந்த மாதிரி ஒரு ஆளு கைல தான் ஒரு கட்டடம் பசுமையா ஆகுறதும் ஆகாததும் இருக்குன்னு எனக்கு தோணுது.

அடுத்த கத்திரில மறுபடி ஸ்டூல் போட்டு ஏறி கைய வச்சுப் பார்த்தேன். சுவர் எப்படி இருக்கோ சீலிங்கும் அப்படி தான் இருந்துது. ரூமுக்குள்ள தெர்மாமீட்டர்ல ராத்திரி ரெண்டு மூணு டிகிரி தான் வித்தியாசம், ஆனா தலைக்கு மேல இருந்து அனல் இறங்காததுனால உடம்புக்கு அது அஞ்சாறு டிகிரி மாதிரி தெரியுது. ஏசி இன்னும் இருக்கு, மே மாசம் போடுறோம், 26ல வச்சு ஃபேனையும் போட்டா ஒரு மணி நேரத்துல அணைச்சிடலாம். ஃபேன் எல்லாத்தையும் பிஎல்டிசின்னு கம்மி கரெண்ட்ல ஓடுற மோட்டார் வச்சதா மாத்திட்டோம், பழசு ஒவ்வொண்ணும் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் பக்கம் தான். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், வெள்ளை டைல்ஸ் வெள்ளையா இருக்கிற வரைக்கும் தான் வேலை செய்யும், நம்ம தெருத் தூசிக்கு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டி, கோடைக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா தேச்சுக் கழுவணும். டைல்ஸ் போட வசதி இல்லன்னா வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிங்க, அதுவும் முடியலன்னா வெறும் சுண்ணாம்பு அடிங்க, வெள்ளை மங்கினா திரும்ப அடிக்கணும், அவ்வளவு தான். தகர ஷீட்டு வீட்லயும் ஆஸ்பெஸ்டாஸ் வீட்லயும் இருக்கிறவங்களுக்கு தான் இது உயிர் போற விஷயம், அவங்களால ஏசி பக்கமே போக முடியாது. தெலங்கானால 2023ல இதுக்குன்னே கூல் ரூஃப் பாலிசின்னு அரசாங்கக் கொள்கையே கொண்டு வந்தாங்க, நம்ம ஊர்லயும் ஒவ்வொரு தெருவுக்கும் இது வரணும்னு நான் ஆசைப்படுறேன்.

முன்னாடி ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுல, நான் வேலை பார்த்த ஆஃபீஸ் பில்டிங் வாசல்ல ஒரு பசுமைச் சான்றிதழ் பித்தளைப் பலகைல மாட்டியிருக்கும். நாலு பக்கமும் கண்ணாடி. மேற்குப் பக்கம் உக்கார்றவங்க மதியானம் ரெண்டு மணிக்கே திரைய இறக்கிடுவாங்க, வெயில் கண்ல அடிக்கும், திரைய இறக்கினா இருட்டு, அதனால பகல் முழுக்க லைட்டு, கண்ணாடி வழியா வந்த சூட்ட துரத்த ஏசி, ஏசி குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர். ஜன்னல் ஒண்ணு கூட திறக்காது. அந்தப் பக்கமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த ஒட்டின இடம், 2022ல அதுக்கு ராம்சார்னு சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரம் கிடைச்சுது, மழைத் தண்ணி வந்து தேங்கி ஊறுற நிலம் அது, அதுல எவ்வளவோ போனப்புறம் தான் மிச்சத்த காப்பாத்த ஆரம்பிச்சிருக்கோம். எந்த இடத்துல கட்டுறோம்ங்கறதும் பசுமைக் கட்டடத்துல ஒரு பாதி தானே.

ஆனா சான்றிதழ் வாங்கின எல்லாமே அப்படின்னு சொல்ல மாட்டேன். ஐதராபாத்துல சிஐஐங்கற தொழில் நிறுவனங்களோட கூட்டமைப்பு கட்டின பசுமை வணிக மையம் இருக்கு, 2004ல அப்துல் கலாம் திறந்து வச்சது, பசுமைக் கட்டடத்துக்கு அமெரிக்கால குடுக்கிற லீட் சான்றிதழ்ல உச்ச தரமான பிளாட்டினத்த அந்த நாட்டுக்கு வெளிய வாங்கின முதல் கட்டடம். ஒரு தடவை ஆஃபீஸ் வேலையா அந்தப் பக்கம் போனப்ப உள்ள சுத்திப் பார்த்தேன். நடுவுல முற்றம், துளை துளையா ஜாலி சுவர், அது வழியா வெளிச்சம் வருது வெயில் வரல, மாடில பெரிய பகுதி செடி கொடி, காத்த குளிரவச்சு உள்ள அனுப்ப ரெண்டு காத்து கோபுரம், கழிவுத் தண்ணிய செடி வேர்ப் படுகைலயே சுத்தம் பண்ணி தோட்டத்துக்கு விடறாங்க. முற்றம், ஜாலி, வெயில தடுக்கிற தளம்னு பார்த்தா இதெல்லாம் நம்ம தாத்தா பாட்டி வீட்ல இருந்தது தான். அங்க நின்னப்ப எனக்கு திருவல்லிக்கேணி வீட்டுக் கூடம் தான் ஞாபகத்துக்கு வந்துது.

இனி தண்ணி. எங்க பில்டிங் பின்னாடி ஒரு பழைய கெணறு இருக்கு, இது தனி வீடா இருந்த காலத்துக் கெணறு, மேல கம்பி வலை போட்டு மூடி பூந்தொட்டி வச்சிருந்தாங்க. 2003ல தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்ப எங்க பில்டிங்லயும் பண்ணியிருக்காங்க, எப்படின்னா கேட் பக்கத்துல மூணு அடி குழி, அதுல ஜல்லி, அதுக்கு ஒரு பைப். அப்புறம் யாரும் அத திறந்தே பாக்கல. நாங்க திறந்தப்ப உள்ள களிமண்ணு கெட்டியா பாறை மாதிரி இருந்துது, ஒரு குடம் தண்ணி ஊத்தினா ஒரு மணி நேரம் அப்படியே நிக்குது. அந்த சட்டம் நல்ல சட்டம், அதுக்கு முன்ன 2002லயே மந்தைவெளில மழை இல்லம்னு ஆரம்பிச்சு சேகர் ராகவன் மாதிரி ஆளுங்க வீடு வீடா போய் சொல்லிக் குடுத்தாங்க, அத உருப்படியா செஞ்ச தெருக்கள்ல பலன் தெரிஞ்சுது. பெசன்ட் நகர் திருவான்மியூர் மாதிரி கடலோர மணல் பூமில சின்னக் குழியே போதும், தண்ணி உடனே இறங்கிடும். எங்க தெரு மேல பூரா களிமண்ணு, அத தாண்டி மணல் வர்ற வரைக்கும் தோண்டி உறை, அதாவது கெணத்து வளையம், இறக்கினா தான் தண்ணி உள்ள போகும். எங்க இடத்துல பதினெட்டு அடில தான் மணல். மண்ண பாக்காம எல்லா ஊருக்கும் ஒரே குழின்னு போட்டா அது வெறும் குழி தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. எங்க மாடி 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். சென்னைல வருஷத்துக்கு சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் பக்கம். பெருக்கினா மூணு லட்சம் லிட்டருக்கு மேல, சிந்தினது ஆவியானது போக ரெண்டரை லட்சம்னு வைங்க. 12,000 லிட்டர் லாரி இருபது. இது ஒவ்வொரு வருஷமும் நம்ம தலை மேல விழுந்து தெருவுக்கு ஓடி சாக்கடைல கலந்து கடலுக்குப் போயிட்டிருந்த தண்ணி. 2015 டிசம்பர்ல இதே தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு போய் ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துது, ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த ஜூன்ல முதல் மாடி மாமி ராத்திரி ஒரு மணிக்கு குடத்தோட லாரிக்காக கீழ நின்னத நான் பாத்திருக்கேன், எழுபது வயசு அவங்களுக்கு. அந்த ராத்திரி கண்ணுக்குள்ளயே நிக்கிறதுனால தான் கெணத்து விஷயத்துல நான் யார் என்ன சொன்னாலும் விடாம புடிச்சேன்.

மாடில இருந்து வர்ற ரெண்டு பைப்பையும் ஒண்ணா சேர்த்து, ஒரு ஃபில்டர் தொட்டி வழியா நேரா கெணத்துக்கு விட்டோம். தொட்டில கீழ பெரிய கூழாங்கல், மேல சின்னது, அது மேல மணல், நடுநடுவுல நைலான் வலை. பைப் அடில ஒரு மூடி, முதல் ரெண்டு மழைக்கு அத கழட்டி விட்டுடுவோம், அந்தத் தண்ணில தூசி, புறா எச்சம் எல்லாம் இருக்கும். கெணத்த தூர் வார்றதுக்கே மூணு நாள் ஆச்சு, உள்ள இருந்து பிளாஸ்டிக் பக்கெட், கிரிக்கெட் பால், ஒரு பித்தளைச் செம்பு கூட வந்துது. செம்ப மாமி பாத்துட்டு இது அந்தப் பழைய வீட்டோடதுன்னு சொல்லி புளி போட்டு தேச்சு அவங்க வீட்ல வச்சிருக்காங்க.

சோலார் இப்ப தான் பேச்சு நடக்குது. மத்திய அரசோட மாடி சோலார் திட்டமான சூர்ய கர்ல தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம், அசோசியேஷன் பொது மோட்டார் லிஃப்ட் மாதிரி உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேணும், நாளைக்கு சராசரியா நாலு யூனிட் குடுக்கும். பேனலும் சூடானா உற்பத்தி குறையும், அதனால கீழ காத்து போற மாதிரி உசரமா வைக்கணும், அது தளத்துக்கும் நிழல். எனக்கு பயம் ரெண்டு, ஒண்ணு 2016 வர்தா புயல் மாதிரி காத்து அடிச்சா பிச்சுக்கிட்டு போகாம இருக்கணும், இன்னொண்ணு அதுக்காக மேஸ்திரி போட்ட தளத்துல ஓட்டை போடக் கூடாது. கான்கிரீட் பீடம் கட்டி அதுல நட்டு போட்டு நிறுத்தலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு, பாரம் தாங்குமான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்து எழுதிக் குடுத்தா தான் ஆரம்பிக்கிறதுன்னு முடிவு. மாமியோட கேள்வி வேற. "பேனல் கீனல் எல்லாம் வைங்கோ, வேண்டாங்கல, ஆனா நேக்கு வடாம் பிழியறதுக்கு கிழக்கால கொஞ்சம் இடம் விட்டுடணும், சொல்லிட்டேன்"னாங்க. ப்ளான்ல அந்த இடத்த விட்டு தான் வரைஞ்சிருக்கோம்.

போன ஐப்பசில முதல் பெருமழை அன்னைக்கு ராத்திரி நான், பொண்ணு, கீழ் வீட்டு சார் மூணு பேரும் குடைய புடிச்சிக்கிட்டு கெணத்துகிட்ட டார்ச் அடிச்சு நின்னோம். பைப்ல இருந்து தண்ணி கொட்டுற சத்தம் பெருசா எதிரொலிச்சுது. சாயந்தரம் மேல இருந்து எண்ணினப்ப பதினாறு உறை தெரிஞ்சுது, ராத்திரி பதினாலு. பொண்ணு தான் எண்ணினா. அதுக்கு முன்னாடி, தண்ணி கெணத்துக்குப் போக பைப் அடி மூடிய திருப்பி மாட்டலாமா வேணாமான்னு கேட்டதும் அந்த சார் தான், அவரே மழைல நனைஞ்சுக்கிட்டு போய் குனிஞ்சு மாட்டிட்டு வந்தாரு. மழை முடிஞ்சு தைல பாத்தப்ப ஒம்போது உறை தான் வெளிய தெரிஞ்சுது.

வர்ற ஞாயித்துக்கிழமை ஃபில்டர் தொட்டி மணல எடுத்து அலசிப் போடணும், கூழாங்கல்லையும் கழுவணும். எட்டு வீட்லயும் ஒவ்வொருத்தர் வர்றதா சொல்லியிருக்காங்க.